குளத்து வெயில் இருக்கட்டும், அந்த நகத்தைக் காட்டுங்கள்

சுங்கை சிப்புட் வாசகிக்கு,

நீச்சல் வகுப்புக்குப் போகும் பிள்ளைகளுக்கு வெயிலால் தோல் புற்றுநோய் வருமா என்று இரண்டு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். கடைசி வரியில்தான் விஷயம் இருக்கிறது. பந்து விளையாடி அடிபட்டதாக உங்கள் கணவர் சொல்லும் கால் கட்டைவிரல் நகத்தில் கறுப்புக் கோடு. எட்டு மாதமாகியும் போகவில்லை, அகலமாகிறது, களிம்பு தடவுகிறார்.

ரத்தக்கட்டு என்றால் நகம் வளர வளர அதுவும் நுனிப்பக்கம் நகரும். கால் நகம் மாதத்துக்கு ஒன்றரை மில்லிமீட்டர் அளவுக்கு வளரும். எட்டு மாதத்தில் அடியில் வெள்ளை நகம் நன்றாகத் தெரிய வேண்டும். அப்படியில்லாமல் அடியிலிருந்து நுனிவரை கோடாகவே நின்று அகலமானால், அதிலும் பக்கத்துத் தோலில் மை கசிந்ததுபோல் கறுப்பு இறங்கினால், மெலனோமா என்ற தோல் புற்றுநோயா என்று பார்த்தே ஆக வேண்டும். நம் நிறத்துக்காரர்களுக்கு அது அபூர்வம். வந்தால் பெரும்பாலும் வெயில் படாத உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடியில்தான் வரும். பாடகர் பாப் மார்லியும் கால்விரலில் வந்ததைப் பந்தாட்டக் காயம் என்றுதான் முதலில் நினைத்தார். 1981-இல், 36 வயதில் இறந்தார். பல விரல்களில் மெல்லிய கோடுகள் வெகுநாளாக அப்படியே இருந்தால், நம்மவர்களுக்கு அது சகஜம்.

களிம்பு நகத்துக்குள் போகாது ஐயா! இந்த வாரமே அரசாங்க கிளினிக்கில் காட்டி, தோல் நிபுணருக்குக் கடிதம் வாங்குங்கள். தேவைப்பட்டால் சிறு துண்டு எடுத்துச் சோதிப்பார்கள்.

சரி, குளம். பிள்ளைகளை நிறுத்தாதீர்கள். பதினொரு மணி வகுப்புதான் தப்பு. இங்கே மலேசியாவில் உச்சி வெயிலில் புற ஊதாக் கதிர் மிகக் கடுமை, மேகம் போட்டிருந்தாலும் நிறைய இறங்கும். பெற்றோர் சேர்ந்து போய் ஒன்பது மணிக்கு முன்போ, மாலை ஐந்துக்கு மேலோ நேரம் கேளுங்கள். கரையில் ஒரு கூரையும் கேளுங்கள். முழுக்கை நீச்சல் சட்டை போதும், முகத்துக்கு மட்டும் எஸ்பிஎஃப் (வெயில் காப்பு அளவு) 30 சன்ஸ்கிரீன், தண்ணீரிலிருந்து ஏறியதும் மறுபடி. ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவப்போன நம் பாட்டிமார் முழுக்கைச் சட்டையும் தலைத்துண்டுமாகத்தானே போனார்கள்.

உங்கள் முகத்தில் இருக்கும் கறுந்திட்டு, நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால், வெறும் மங்கு. இணையத்தில் பார்த்த படங்களை விடுங்கள். ஆனால் அங்கே வாங்கிய அந்த வெள்ளையாக்கும் கிரீமை இன்றே நிறுத்துங்கள்; இப்படிப்பட்டவற்றில் பாதரசம் இருப்பதாகச் சுகாதார அமைச்சு பலமுறை எச்சரித்திருக்கிறது. கணவரோடு கிளினிக் போகும்போது அந்த டப்பாவையும் எடுத்துப் போங்கள்.