எல்லாவற்றுக்கும் நான்தான் பதில் சொல்லணுமா?

கேள்வி:

மேடம், எனக்கு 19 வயது. பேரணாம்பட்டுதான் சொந்த ஊர். அப்பா தோல் பதனிடும் டேனரியில் வேலை பார்க்கிறார். வேலூரில் ஒரு கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். தினமும் குடியாத்தம் வழியாக பஸ்ஸில் போய் வருகிறேன். வீட்டில் உருது பேசுவோம். பன்னிரண்டாவது வரை படித்தது தமிழ் மீடியம்.

கல்லூரியில் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் குறைவு. எல்லோருக்கும் நான் ‘பாய்’. ‘தமிழ் நல்லாப் பேசுறியே பாய்’ என்பார்கள். பிரியாணி எப்போது என்பார்கள். ரம்ஜான் மாதத்தில் ‘தண்ணிகூடவா குடிக்க மாட்டே?’ என்பார்கள். அதெல்லாம் பரவாயில்லை. ஆனால் எங்கோ குண்டு வெடித்தால், மறுநாள் கேன்டீனில் ‘உங்க ஆளுங்க ஏன்டா இப்படி?’ என்று என்னிடம் கேட்கிறார்கள். கேட்பவன் என் நெருங்கிய நண்பன். பதில் சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டேன். இப்போது அப்படிச் செய்தி வந்தாலே மறுநாள் கல்லூரிக்குப் போகப் பயமாக இருக்கிறது.

வெள்ளிக்கிழமை லேப் ஒரு மணிக்கே தொடங்குவதால் ஜும்ஆ தொழுகைக்குப் போக முடிவதில்லை. ‘இவனுக்கு மட்டும் சலுகையா’ என்று ஆகிவிடுமோ என்று சாரிடம் கேட்கவில்லை. வீட்டில் அம்மி (அம்மாவை அப்படித்தான் கூப்பிடுவேன்), ‘காலேஜ் போனதும் தொழுகை போச்சு’ என்கிறார். காலேஜில் நான் முஸ்லிம் மட்டும்தான். வீட்டில் அந்த முஸ்லிமும் போதவில்லை. என்ன செய்வது?

பதில்:

அன்புத் தம்பி,

பிரியாணிக் கேள்வியும் தண்ணீர்க் கேள்வியும் உங்களைப் பற்றியவை, நீங்கள் சமாளித்துவிடுகிறீர்கள். குண்டுவெடிப்புக் கேள்வி, நீங்கள் கண்ணால்கூடப் பார்த்திராத ஒருவனைப் பற்றியது. அவன் செய்ததற்கு நீங்கள் கைகட்டி விளக்கம் சொல்ல வேண்டியிருக்கிறது. அதுவும் செய்தி வரும்போதெல்லாம். யாராக இருந்தாலும் ஓய்ந்துதான் போவார்கள். உங்கள் மனசு பலவீனமானது என்று தயவுசெய்து நினைக்காதீர்கள்.

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் கடமை உங்களுக்கு இல்லை. கேன்டீனில் நாலு பேர் நடுவே வாதமும் வேண்டாம். பஸ் ஸ்டாண்டுக்கு நடக்கும்போது அந்த நண்பனிடம் தனியாகச் சொல்லுங்கள்: ‘மச்சான், அந்தச் செய்தியைப் பார்த்து உனக்கு எவ்வளவு பதறிச்சோ எனக்கும் அவ்வளவு பதறிச்சு. நீ என்கிட்ட விளக்கம் கேட்டா, என்னையும் அவனுங்க பக்கத்துல நிறுத்துற மாதிரி இருக்கு.’ நண்பன் என்றால் உறைக்கும். அப்படியும் உறைக்கவில்லையா, அடுத்த முறை அந்தப் பேச்சு வரும்போது எழுந்து போய்விடுங்கள். பெயர் சொல்லிக் கூப்பிடு என்பதையும் அவனிடமே ஆரம்பிக்கலாம். ஒருவன் கூப்பிட ஆரம்பித்தால் மற்றவர்கள் வாயிலும் வந்துவிடும்.

லேப் விஷயத்தில் வழியோடு சேர்த்துக் கேளுங்கள். ‘சார், வெள்ளிக்கிழமை தொழுதுட்டு வந்து சேர்ந்துக்கட்டுமா? விட்டுப்போனதை அடுத்த பேட்ச்சோட செய்து முடிச்சிடறேன்.’ ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விஷாரம் பிள்ளைகளெல்லாம் படிக்க வரும் ஊர் வேலூர். இது அவருக்குப் புதுக் கேள்வியாக இருக்காது. அவர் மறுத்தால் என்ன செய்வது என்று மார்க்கம் சொல்ல நான் ஆள் இல்லை. உங்கள் மஹல்லா பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் மனம்விட்டுக் கேளுங்கள். அம்மிக்கு இந்த லேப் நேரம் தெரியுமா? கேட்க நினைத்து நீங்கள் விழுங்கிக்கொண்டது தெரியுமா? தெரியாத வரை, பிள்ளை கைவிட்டுப் போகிறானே என்ற பயம்தான் அவரைப் பேசவைக்கும். உட்கார்ந்து சொல்லுங்கள்.

‘தமிழ் நல்லாப் பேசுறியே’ என்பவர்களுக்கு ஒரு பெயர் சொல்கிறேன். கவிக்கோ அப்துல் ரகுமானின் தந்தை உருதுக் கவிஞர். மகன், 1919இல் முஸ்லிம் பெரியவர்கள் தொடங்கிய வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரியில் பல வருஷம் தமிழ்ப் பேராசிரியர்; 1999இல் தமிழுக்கான சாகித்திய அகாதெமி விருதும் பெற்றார். வீட்டு உருதுவை விட்டுவிட்டா அவர் தமிழுக்கு வந்தார்? நீங்களும் எதையும் விட வேண்டியதில்லை.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். அந்தப் பயத்தில் தூக்கம் கெட்டாலோ, சாப்பாடு இறங்காவிட்டாலோ, கல்லூரிக்கு மட்டம் போடத் தோன்றினாலோ தள்ளிப்போடாதீர்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416. தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது.