ஆழமான சேற்றில் ஃபோர் வீல் டிரைவ்: கேள்வி பதில்

சேற்றில் வண்டி ஓட்டுவது பற்றிக் கேளுங்கள் என்று சொன்னதும் கேள்விகள் குவிந்துவிட்டன. ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். சிலவற்றுக்கு நீளமாக எழுதியிருக்கிறேன், சிலவற்றுக்கு ஒரு வரி போதும்.

கேள்வி: சார், நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டிதானே? அப்புறம் எப்படிச் சேற்றில் மாட்டுகிறது?

நான்கும் எப்போதும் இழுப்பதில்லை, அதுதான் விஷயம். ஒவ்வொரு ஆக்சிலிலும் (இடது, வலது சக்கரங்களை இணைக்கும் அச்சு) ஒரு டிஃபரென்ஷியல் இருக்கிறது. வளைவில் வெளிப்பக்கச் சக்கரம் கூடுதல் தூரம் ஓட வேண்டும் என்பதற்காக, இரண்டு சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுழல அது இடம் கொடுக்கிறது. சாலையில் இது அவசியம். சேற்றில் இதுவே எதிரி. சாதாரண டிஃபரென்ஷியல் இரண்டு பக்கத்துக்கும் ஒரே அளவு விசையைத்தான் அனுப்பும். ஒரு சக்கரம் வழுக்கிச் சும்மா சுற்றினால் அதைச் சுற்ற வைக்க எவ்வளவு குறைந்த விசை போதுமோ, பிடிப்புள்ள மறுபக்கத்துக்கும் அவ்வளவுதான் போகும். ஆகவே முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என இரண்டு சக்கரங்கள் வழுக்கினாலே வண்டி நின்றுவிடும். டிஃப் லாக், அதாவது டிஃபரென்ஷியலைப் பூட்டும் வசதி, போட்டால் ஆக்சிலின் இரண்டு பக்கமும் ஒரே வேகத்தில் சுழலும், பிடிப்புள்ள சக்கரம் வேலை செய்யும்.

லாக் இருந்தால் சேற்றில் இறங்கும் முன்பே போட்டுவிடுங்கள். சக்கரம் தாறுமாறாகச் சுழன்றுகொண்டிருக்கும்போது போட்டால் உள்ளே பற்கள் அடிவாங்கும். முன் ஆக்சில் லாக் போட்டபின் ஸ்டியரிங் திரும்ப மறுக்கும், அதனால் நேராகப் போகும்போது மட்டும் அதைப் போடுங்கள்.

கேள்வி: ஃபோர் ஹையா, ஃபோர் லோவா? எந்த கியர்?

இரண்டிலும் நான்கு சக்கரமும் இழுக்கும். ஹை என்பது வழக்கமான வேகத்துக்கு, லோ என்பது வேகத்தைக் குறைத்து விசையைக் கூட்டுவதற்கு. மேலோட்டமான சகதி, அடியில் கெட்டித் தரை என்றால் ஃபோர் ஹை போதும். ஆழம் என்று தோன்றினாலே லோ. பெரும்பாலான பழைய வகை வண்டிகளில் லோ போட வண்டியை நிறுத்தி நியூட்ரலுக்கு வர வேண்டும். சேற்றின் நடுவில் நின்றுகொண்டு இதைச் செய்தால் நின்ற இடத்திலேயே புதைவீர்கள். கெட்டித் தரையிலேயே போட்டுவிட்டு இறங்குங்கள்.

கியர் விஷயத்தில் பலர் லோவில் முதல் கியர் போடுகிறார்கள். முதல் கியரில் விசை மிக அதிகம், ஆக்சிலேட்டரில் கால் லேசாகப் பட்டாலே சக்கரம் சுழன்றுவிடும். லோவில் இரண்டாவது, வண்டிக்குத் தெம்பிருந்தால் மூன்றாவது. ஆட்டோமேட்டிக் என்றால் மேனுவல் முறைக்கு மாற்றி ஒரு கியரில் நிறுத்திவையுங்கள், இல்லாவிட்டால் நடுவில் தானாக மாறிக்கொள்ளும். சேற்றுக்குள் கியர் மாற்றக் கூடாது. கிளட்ச் மிதித்த அந்த அரை நொடியில் வேகம் போய்விடும்.

கேள்வி: அண்ணே, எவ்வளவு ஆழம் என்று வண்டியில் உட்கார்ந்தே எப்படிக் கண்டுபிடிப்பது?

முடியாது தம்பி. இறங்கி நட. செருப்பு போகும், பேன்ட் போகும், அதனாலென்ன? ஒரு கம்பை எடுத்துக்கொண்டு இரண்டு சக்கரத் தடத்திலும் குத்திப் பார். அடியில் கெட்டியாகத் தட்டுகிறதா, இல்லை கம்பு இறங்கிக்கொண்டே போகிறதா என்பதுதான் முதல் கேள்வி. ஒரு சாண் சேறும் கீழே சரளையும் என்றால் பெரிய விஷயமில்லை. அடியே இல்லாத களிமண் என்றால் வேறு கதை.

ஆழத்தைச் சக்கரத்தின் நடுவில் இருக்கும் ஹப்போடு ஒப்பிட்டுப் பார். ஹப்புக்குக் கீழே என்றால் முயலலாம். அதற்கு மேலே போனால் ஆக்சிலும் வண்டியின் அடிவயிறும் சேற்றைத் தள்ளிக்கொண்டு போக வேண்டியிருக்கும், பிடிப்பு அவ்வளவும் அதிலேயே செலவாகிவிடும். கல், கட்டை, மறைந்த குழி இருக்கிறதா, வெளியேறும் இடம் ஏற்றமாக இருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள். உள்ளே இறங்குமுன் வெளியே வரும் பாதை மனதில் இருக்க வேண்டும். சுற்றிப் போக வழியிருந்தால் சுற்றிப் போ. அதில் வெட்கம் இல்லை.

கேள்வி: டயரில் காற்றைக் குறைக்கச் சொல்கிறார்கள். எவ்வளவு?

சாலையில் 32 முதல் 35 பி.எஸ்.ஐ. வைப்பவர்கள் ஆழமான சேற்றுக்கு 20 பக்கம் இறக்கலாம். காற்று குறைந்ததும் டயர் அகலத்தை விட நீளவாக்கில்தான் கூடுதலாகப் படியும். எடை பரவும், பிடிக்கும் பரப்பு கூடும். 15-க்குக் கீழே போனால், பக்கவாட்டு அழுத்தத்தில் டயர் ரிம்மிலிருந்து கழன்றுவிடும் ஆபத்து இருக்கிறது. பாரம் ஏற்றிய வண்டியில் இன்னும் கவனம்.

மேலே மெல்லிய சேறு, கீழே கெட்டித் தரை இருக்கும் இடத்தில் காற்றை இறக்காமல், டயர் சேற்றை வெட்டிக்கொண்டு கீழே தரையைத் தொட விடுவதுதான் நல்லது. அதனால்தான் முதலில் கம்பால் குத்திப் பார்க்கச் சொன்னேன்.

காற்று நிரப்பும் கம்ப்ரெசர் கையில் இல்லாமல் காற்றை இறக்காதீர்கள். குறைந்த காற்றில் தார்ச்சாலையில் வேகமாகப் போனால் டயரின் பக்கச்சுவர் சூடேறிக் கிழியும்.

கேள்வி: மட் டெரெய்ன் டயர் கட்டாயமா?

கட்டாயமில்லை, ஆனால் வித்தியாசம் பெரியது. சாலை டயரின் பள்ளங்கள் களிமண்ணால் ஒரே சுற்றில் நிரம்பிவிடும், அப்புறம் அது வழுவழுப்பான உருளைதான். மட் டயரில் ரப்பர்க் கட்டைகளுக்கு நடுவே இடைவெளி அதிகம், சுழலும்போது சேற்றை வீசியெறிந்துவிடும். சேறு எப்போதாவதுதான் என்றால் எல்லாத் தரைக்கும் பொதுவான ஆல் டெரெய்ன் டயர் போதும். மட் டயர் சாலையில் இரைச்சல், ஈரத் தார்ச்சாலையில் பிரேக் பிடிப்பும் குறைவு.

கேள்வி: வேகமாக அடித்துக்கொண்டு போனால் தாண்டிவிடலாம் என்கிறார் நண்பர். உண்மையா?

பாதி உண்மை. வண்டி நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும் என்பது சரி, பாய வேண்டும் என்பது தப்பு. வேகமாக மோதினால் முன்னால் சேறு அலையாக எழும்பி ரேடியேட்டரிலும் காற்று உள்ளிழுக்கும் குழாயிலும் ஏறும். மறைந்த கல்லில் மோதினால் ஸ்டியரிங் கம்பி வளையும். நடை வேகத்தைவிடச் சற்றுக் கூடுதலாக நுழைந்து, உள்ளே போனதும் ஆக்சிலேட்டரை ஒரே அளவில் வைத்திருங்கள். திடீரென்று காலை எடுக்கவும் வேண்டாம், அழுத்தவும் வேண்டாம், பிரேக்கைத் தொடவே வேண்டாம்.

வேகம் குறைவது தெரிந்தால் ஸ்டியரிங்கைக் கால் சுற்று அளவுக்கு இடமும் வலமுமாக மாற்றி மாற்றி ஆட்டுங்கள். டயரின் ஓரக் கட்டைகள் தடத்தின் பக்கச்சுவரைக் கடித்து இழுக்கும். நின்றுபோகும் நிலையில் இருக்கும் வண்டிகளை இந்த ஒரு வித்தை பல நேரம் கரையேற்றியிருக்கிறது.

கேள்வி: லாரி போன ஆழமான தடங்கள் இருந்தால் அதிலேயே போகலாமா?

இரண்டு தடங்களுக்கும் நடுவில் நிற்கும் மேட்டைப் பாருங்கள். உங்கள் டிஃபரென்ஷியல் உருண்டை அந்த மேட்டில் இடிக்காமல் போகுமானால் தடத்திலேயே போகலாம், அடியில் மண் ஏற்கெனவே இறுகியிருக்கும். இடிக்கும் என்றால் ஒரு பக்கச் சக்கரத்தை நடுமேட்டிலும் மறுபக்கத்தைத் தடத்துக்கு வெளியிலும் வைத்துப் போங்கள். வழுக்கி உள்ளே விழ வாய்ப்பிருக்கிறது, மெதுவாக.

தடத்துக்குள் போகும்போது இன்னொன்று: ஸ்டியரிங்கை எவ்வளவு திருப்பினாலும் வண்டி நேராகவே போகும். அதை மறந்து திருப்பியபடியே வைத்திருந்தால், தடம் ஆழம் குறையும் இடத்தில் சக்கரம் சட்டென்று பிடித்து வண்டி பக்கவாட்டில் பாயும். முன்சக்கரம் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதை ஜன்னல் வழியே அவ்வப்போது எட்டிப் பாருங்கள். கட்டைவிரல்களை ஸ்டியரிங் வளையத்துக்கு உள்ளே சுற்றிப் பிடிக்காதீர்கள், கல்லில் பட்டு அது உதறினால் விரல் முறியும்.

கேள்வி: டிராக்‌ஷன் கன்ட்ரோலை அணைக்க வேண்டுமா?

அது வண்டியைப் பொறுத்தது. சக்கரம் வழுக்கியதும் எஞ்சின் சக்தியைக் குறைக்கும் வகை என்றால் சேற்றில் அது உங்களை நிறுத்திவிடும், அணையுங்கள். வழுக்கும் சக்கரத்தை மட்டும் பிரேக் பிடித்து, மறுபக்கத்துக்கு விசை போகவைக்கும் வகை உதவியானது, இருக்கட்டும். சேற்றுக்கென்று தனி முறை இருக்கும் வண்டியில் அதைப் போட்டாலே இந்த இரண்டையும் அது பார்த்துக்கொள்ளும்.

கேள்வி: என்னுடையது சிறிய ஆல் வீல் டிரைவ் வண்டி, லோ ரேஞ்ச் கிடையாது. போகலாமா?

மேலோட்டமான சகதிக்குப் போகும். ஆழத்துக்கு வேண்டாம். தரை இடைவெளி குறைவு, அதோடு பின்சக்கரத்துக்கு விசை அனுப்பும் கிளட்ச் தொடர்ந்து வழுக்கினால் சூடேறி, தன்னைக் காத்துக்கொள்ள விசையைத் துண்டித்துவிடும்.

கேள்வி: சார், வண்டி நகரவில்லை, சக்கரம் மட்டும் சுற்றுகிறது. அடுத்த நொடி என்ன செய்ய?

காலை எடுங்கள். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலை மட்டும் படிப்பதாக இருந்தால் இதைப் படியுங்கள். சக்கரம் தோண்டும் ஒவ்வொரு சுற்றும் வண்டியைக் கீழே இறக்குகிறது. ஆக்சில் சேற்றில் உட்காராத வரை தப்பிப்பது எளிது, உட்கார்ந்துவிட்டால் அரை நாள் வேலை. இன்னும் கொஞ்சம் அழுத்தினால் வந்துவிடும் என்ற ஆசைதான் வண்டிகளைப் புதைக்கிறது.

முதலில் ரிவர்ஸ் போட்டு, வந்த தடத்திலேயே மெதுவாகப் பின்னால் வாருங்கள். அங்கே மண் ஏற்கெனவே அமுங்கியிருக்கும். ஓரிரு அடி வந்தாலும் மறுபடி முன்னால் போகக் கொஞ்சம் ஓட்டம் கிடைக்கும். அது நடக்கவில்லை என்றால் இறங்கி மண்வெட்டியை எடுங்கள். சக்கரத்துக்கு முன்னும் பின்னும் சரிவாக வெட்டி, டிஃபரென்ஷியலுக்கும் சேஸிஸுக்கும் (வண்டியின் அடிச்சட்டம்) கீழே ஒட்டியிருக்கும் சேற்றை எடுக்க வேண்டும், அது உறிஞ்சிப் பிடித்துக்கொண்டிருக்கும். டயர் காற்றை இன்னும் கொஞ்சம் இறக்கி, சக்கரத்துக்கு அடியில் பற்கள் வைத்த மீட்புப் பலகையைச் செருகுங்கள், இல்லையென்றால் கிளை, கல், பழைய மிதியடி. பலகை மேல் சக்கரத்தை வேகமாகச் சுழற்றினால் பற்கள் உருகிப்போகும், பலகை பறந்து வந்து ஆள் மேல் விழவும் கூடும்.

புகைக்குழாய் சேற்றில் மூழ்கியிருந்தால் எஞ்சினை ஓடவிட்டு உள்ளே யாரும் உட்கார வேண்டாம். கார்பன் மோனாக்சைடு வாசனையே இல்லாமல் ஆளைக் கொல்லும்.

கேள்வி: இன்னொரு வண்டியால் கயிறு கட்டி இழுக்கும்போது எங்கே கட்டுவது? பின்னால் டிரெய்லர் மாட்டும் உருண்டையில் கட்டலாமா?

கூடவே கூடாது. அந்த உருண்டை நிதானமாக டிரெய்லர் இழுக்கச் செய்தது, வெட்டி இழுக்கும் அதிர்ச்சிக்குச் செய்தது அல்ல. முறிந்தால் கயிறு அதைக் குண்டு மாதிரி எறியும், கண்ணாடியைத் துளைத்துப் போய் ஆட்கள் இறந்திருக்கிறார்கள். லாரியில் ஏற்றும்போது வண்டியைக் கட்டி வைக்கும் வளையங்களும் உதவாது. சேஸிஸில் போல்ட் போட்டு, தாங்கு அளவு குறிப்பிட்ட மீட்பு வளையங்கள் மட்டும்தான்.

நீளும் தன்மையுள்ள மீட்பு வார் அல்லது கயிறு என்றால், இழுக்கும் வண்டி சற்றுத் தொய்வு விட்டு மெதுவாகக் கிளம்ப வேண்டும், மீள்விசை மிச்ச வேலையைச் செய்யும். சங்கிலியாலும் எஃகுக் கம்பியாலும் இப்படி வெட்டி இழுக்கக் கூடாது, அவை நீளாது. இரண்டு வார்களை நடுவில் இரும்பு ஷேக்கிளால் (U வடிவ இணைப்பு வளையம்) இணைக்கவும் வேண்டாம். எதுவாக இருந்தாலும் முதலில் தோண்டுங்கள். சக்கர உயரத்துக்குப் புதைந்த வண்டியை அசைக்கக் கிட்டத்தட்ட அதன் எடைக்குச் சமமான விசை வேண்டும் என்பது கணக்கு. வேடிக்கை பார்ப்பவர்கள் கயிற்றின் நீளத்தைப் போல ஒன்றரை மடங்கு தள்ளி நிற்கட்டும்.

கேள்வி: வின்ச் வாங்கினால் எவ்வளவு சக்தி தேவை?

வின்ச் என்பது உருளையில் கயிற்றைச் சுற்றி வண்டியை இழுக்கும் கருவி. அதன் சக்தி, பாரத்தோடு சேர்த்து வண்டி எடையின் ஒன்றரை மடங்கு. 2,500 கிலோ வண்டிக்கு 3,750 கிலோ. பெட்டியில் எழுதியிருக்கும் அளவு உருளையில் கடைசி அடுக்குக் கயிறு மட்டும் மிச்சமிருக்கும்போதுதான் கிடைக்கும், மேலே அடுக்கு கூடக் கூட இழுவிசை குறையும். ஒரு கப்பி சேர்த்து இரட்டையாக இழுத்தால் விசை ஏறக்குறைய இரட்டிப்பாகும், வேகம் பாதியாகும். மரத்தில் கட்டும்போது அகலமான வார் போட்டுக் கட்டுங்கள், வெறும் கம்பி பட்டையை அறுத்து மரத்தைக் கொன்றுவிடும்.

கேள்வி: சேற்று ஏற்றத்தில் பாதியில் நின்றுவிட்டால் திருப்பி இறங்கலாமா?

திருப்பவே கூடாது. குறுக்கே நின்றால் உருண்டுவிடும். ரிவர்ஸ் கியர் போட்டு எஞ்சின் பிடிப்பிலேயே நேராகப் பின்னால் இறங்குங்கள், கிளட்சை மிதிக்காதீர்கள்.

கேள்வி: வெளியே வந்தபின் என்னென்ன பார்க்க வேண்டும்?

நின்று காற்றை நிரப்புங்கள், ஃபோர் வீல் டிரைவை எடுத்துவிடுங்கள். காய்ந்த தார்ச்சாலையில் அது போட்டபடியே ஓடினால் உள்ளே முறுக்கேறிப் பாகங்கள் உடையும். ரேடியேட்டரில் அடைத்த சேற்றை அழுத்தம் குறைவான நீரால் கழுவுங்கள், இல்லாவிட்டால் கொஞ்ச தூரத்திலேயே எஞ்சின் சூடேறும். ரிம்மின் உட்புறம் ஒட்டிய சேறு காய்ந்தால் வேகத்தில் ஸ்டியரிங் நடுங்கும். வீல் அலைன்மென்ட் போய்விட்டது என்று ஒர்க்‌ஷாப்புக்கு ஓடுபவர்கள் முதலில் ரிம்மைக் கழுவிப் பார்க்கட்டும். பிரேக்கை மெதுவாக நாலைந்து தடவை மிதித்துக் காயவையுங்கள். ஆழமாகப் புதைந்திருந்தால் டிஃபரென்ஷியல் ஆயிலைத் திறந்து பாருங்கள், பால் கலந்தது போல இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது, உடனே மாற்ற வேண்டும்.