கடிகாரம் எப்போது ஓடத் தொடங்குகிறது? கைது, காவல், உரிமைகள்: கேள்வி பதில்

குடிமக்களின் அடிப்படை உரிமைகளையும் அரசின் அதிகார வரம்பையும் பற்றி உறுப்பினர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, ஆட்கொணர்வு மனுக்களை (காவலில் வைத்திருப்பவரை நீதிமன்றத்தில் கொண்டுவந்து நிறுத்தக் கோரும் மனுக்களை) நடத்திவரும் வழக்கறிஞர் என்ற முறையில் இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: ஐயா, என் தம்பியை வெள்ளிக்கிழமை இரவு விசாரணைக்கென்று அழைத்துப் போனார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் நீதித்துறை நடுவர் முன் நிறுத்தினார்கள். கேட்டால், கைது செய்தது சனிக்கிழமை மாலை என்கிறார்கள். இது சரியா?

பதில்: சரியல்ல. கைதானவரை 24 மணி நேரத்துக்குள் நடுவர் முன் நிறுத்த வேண்டும் என்கிறது அரசியலமைப்புச் சட்டத்தின் 22(2) பிரிவு. இதில் கழித்துக்கொள்ளக்கூடியது பயண நேரம் மட்டுமே. விடுமுறை நாளைக் கழிக்க முடியாது. உங்கள் தம்பி நினைத்தாலும் எழுந்து வீட்டுக்குப் போக முடியாத நிலை எப்போது வந்ததோ, அப்போதிருந்தே நேரத்தை எண்ண வேண்டும். டி.கே. பாசு வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம், கைதுக் குறிப்பாணையில் தேதியும் நேரமும் இருக்க வேண்டும், குடும்பத்தாரோ அப்பகுதியில் மதிப்புள்ள ஒருவரோ சாட்சிக் கையொப்பம் இட வேண்டும், கைதானவரும் கையொப்பமிட வேண்டும் என்று விதித்தது. அந்தத் தாளை வாங்கி, சாட்சியாகக் கையெழுத்துப் போட்டவர் யார் என்று முதலில் பாருங்கள்.

எங்கள் மூத்தவர்கள், வீட்டு ஆளை அழைத்துப் போய்விட்டார்கள் என்று ஓடி வருகிறவர்களிடம் முதலில் கேட்டது "தந்தி கொடுத்தாயா?" என்பதைத்தான், ஏனென்றால் தந்தியில் விழுந்த நேரத்தைப் பிறகு யாராலும் திருத்த முடியாது. தந்திச் சேவை 2013-இல் நின்றுபோனது. இன்று காவல் கண்காணிப்பாளருக்கு அனுப்பும் மின்னஞ்சல் அந்த வேலையைச் செய்யும். நீங்கள் அதையும் அனுப்பவில்லை என்றால், காவல் நிலையக் கேமராப் பதிவு இருக்கிறது. பரம்வீர் சிங் சைனி வழக்கில் 2020-இல் உச்ச நீதிமன்றம் காவல் நிலையங்கள் அனைத்திலும் கேமரா பொருத்தவும், பதிவுகளை ஓராண்டுக்குக் குறையாமல் வைத்திருக்கவும் உத்தரவிட்டது. வெள்ளிக்கிழமை இரவுப் பதிவைப் பாதுகாக்கக் கோரி நீதிமன்றத்தில் உடனே மனுச் செய்யுங்கள்.

கேள்வி: கைதுக்கான காரணத்தை வாயால் சொன்னால் போதாதா?

பதில்: போதாது. 2023-இலும் 2024-இலும் சில சிறப்புச் சட்டங்களின் கீழ் நடந்த கைதுகளுக்கு எழுத்து மூலம் காரணம் தர வேண்டும் என்ற உச்ச நீதிமன்றம், 2025 நவம்பரில் அதை எல்லாக் குற்றங்களுக்கும் விரிவாக்கியது. கைதானவருக்குப் புரியும் மொழியில் அது இருக்க வேண்டும்.

கேள்வி: என் மகன் மீது குண்டர் சட்டம் போட்டிருக்கிறார்கள். குற்றம் நிரூபிக்கப்படாமலேயே ஓராண்டு உள்ளே வைக்க அரசுக்கு எப்படி அதிகாரம் வந்தது?

பதில்: அந்த அதிகாரத்துக்கு இடம் கொடுத்தது அரசியலமைப்புச் சட்டமேதான் அம்மா, அதுவும் அடிப்படை உரிமைகளைச் சொல்லும் மூன்றாம் பகுதியிலேயே. 24 மணி நேர விதியும் வழக்கறிஞரை வைத்துக்கொள்ளும் உரிமையும் தடுப்புக் காவலுக்கு, அதாவது குற்றம் செய்யாமல் தடுக்க என்று முன்கூட்டியே வைக்கும் காவலுக்கு, பொருந்தா என்று 22(3) பிரிவு சொல்கிறது. போரோ நெருக்கடியோ இல்லாத காலத்திலும் இது நடைமுறையில் இருப்பது எனக்கு இன்றும் உறுத்தலாகவே இருக்கிறது. சென்னை மாநிலத்தில் தடுப்புக் காவலில் இருந்த ஏ.கே. கோபாலனின் வழக்கில் 1950-இல் உச்ச நீதிமன்றம், சட்டமன்றம் ஒரு நடைமுறையை வகுத்திருந்தால் அது நியாயமானதா என்று தான் ஆராய இயலாது என்றது. அந்த நிலையை மாற்றி, நடைமுறையும் நியாயமாக இருந்தாக வேண்டும் என்று மேனகா காந்தி வழக்கில் சொல்ல 1978 ஆகிவிட்டது.

நீங்கள் இப்போது பார்க்க வேண்டியவை நாள்கணக்கும் தாள்களும். குண்டர் சட்டம் என்று அழைக்கப்படும் 1982-ஆம் ஆண்டின் 14-ஆம் தமிழ்நாடு சட்டப்படி, காவலில் வைத்ததற்கான காரணங்களை 5 நாளுக்குள் மகனிடம் தந்திருக்க வேண்டும். மாவட்ட ஆட்சியரோ காவல் ஆணையரோ பிறப்பித்த ஆணைக்கு மாநில அரசு 12 நாளுக்குள் ஒப்புதல் தர வேண்டும். 3 வாரத்துக்குள் அது, காவலுக்குப் போதிய காரணம் உண்டா என்று பார்க்கும் அறிவுரைக் கழகத்தின் முன் வைக்கப்பட வேண்டும். அவரிடம் தந்த ஆவணத் தொகுப்பைப் பக்கம் பக்கமாகப் புரட்டுங்கள். மை படிந்து எழுத்தே தெரியாத நகல், தமிழில் பெயர்க்காமல் ஆங்கிலத்திலேயே விட்ட ஜாமீன் உத்தரவு ஆகியவற்றுக்காகவே சென்னை உயர் நீதிமன்றம் பல ஆணைகளை ரத்து செய்திருக்கிறது. வாசிக்க முடியாத தாளைக் கையில் கொடுத்துவிட்டு, "முறையிட்டுக்கொள்" என்றால் 22(5) பிரிவு தரும் முறையீட்டு உரிமைக்குப் பொருளே இல்லை. முறையீட்டைக் காரணமின்றிக் கிடப்பில் போட்டாலும் ஆணை நிற்காது. அறிவுரைக் கழகத்தில் வழக்கறிஞர் வாதாட உரிமை இல்லை. வழக்கறிஞரல்லாத நண்பர் ஒருவர் துணைக்கு வரலாம் என்று 1981-இல் ஏ.கே. ராய் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது.

கேள்வி: நெருக்கடி நிலை வந்தால் இந்த உரிமையெல்லாம் போய்விடும் அல்லவா?

பதில்: 1976 ஏப்ரலில் அப்படித்தான் ஆனது. ஜபல்பூர் வழக்கில் நான்கு நீதிபதிகள், காவலில் இருப்பவர் ஆட்கொணர்வு மனுகூடப் போட முடியாது என்றார்கள். எச்.ஆர். கன்னா ஒருவர் மட்டும் மறுத்தார். மறு ஆண்டு அவருக்குரிய தலைமை நீதிபதிப் பதவி அவருக்கு இளையவரிடம் போனதும் பதவி விலகினார். பிறகு வந்த 44-ஆவது திருத்தம், நெருக்கடி நிலையிலும் 20, 21 பிரிவுகளை (குற்றத் தண்டனையில் பாதுகாப்பு, உயிர் மற்றும் தனிமனிதச் சுதந்திரம்) நிறுத்திவைக்க முடியாதபடி செய்தது. அந்தப் பழைய தீர்ப்பு 2017-இல் அந்தரங்க உரிமை வழக்கில் வெளிப்படையாகத் தள்ளப்பட்டது. தள்ளியவர்களில் ஒருவர் டி.ஒய். சந்திரசூட், 1976-இன் நால்வரில் ஒருவர் அவருடைய தந்தை.

கேள்வி: தனியார் நிறுவனம் என் கைப்பேசியைச் சோதிக்கிறது. அடிப்படை உரிமை மீறல் என்று வழக்குப் போடலாமா?

பதில்: இவ்வுரிமைகள் பெரும்பாலும் அரசை நோக்கியவை. தீண்டாமை ஒழிப்பு, கட்டாய உழைப்புத் தடை போன்ற சில மட்டுமே எல்லோரையும் நேரடியாகக் கட்டும். பேச்சுரிமை முதலியவற்றைச் சொல்லும் 19-ஆம் பிரிவையும் 21-ஆம் பிரிவையும் தனியாருக்கு எதிராகவும் வலியுறுத்தலாம் என்று 2023-இல் உச்ச நீதிமன்றப் பெரும்பான்மை சொல்லியிருந்தாலும், உங்கள் வேலை ஒப்பந்தத்தை முதலில் படிப்பதே நல்லது.

கேள்வி: வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணமில்லாதவர் என்ன செய்வது?

பதில்: காவலில் இருப்பவர், வருமானம் எவ்வளவாக இருந்தாலும், இலவசச் சட்ட உதவிக்கு உரியவர், மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள். திகார் சிறையில் சக கைதி சித்திரவதைக்கு ஆளானதைப் பற்றி சுனில் பத்ரா எழுதிய கடிதத்தையே உச்ச நீதிமன்றம் மனுவாக எடுத்துக்கொண்டு 1979-இல் தீர்ப்பளித்தது. நீங்கள் கடிதம் எழுதினால், அழைத்துப் போன தேதி, மணி, இடம், அப்போது அங்கே இருந்தவர்கள் ஆகியவற்றை முதல் பத்தியிலேயே எழுதிவிடுங்கள்.