ஐந்து பேர் குளிக்கும் வீட்டுக்கு எந்த பாய்லர், எத்தனை லிட்டர் சிலிண்டர்?

அன்புள்ள தம்பிக்கு,

கோவையிலிருந்து வந்து, லண்டன் ஹாரோவில் மூன்று படுக்கையறைகள் கொண்ட பழைய வீட்டை வாங்கியிருக்கிறீர்கள். அங்குள்ள பாய்லர் இந்தக் குளிர்காலத்தைத் தாண்டாது என்று தெரிந்தபின், ஒருவர் 35 கிலோவாட் காம்பி பாய்லரையும், இன்னொருவர் 24 கிலோவாட் சிஸ்டம் பாய்லருடன் 300 லிட்டர் சிலிண்டரையும் சொல்லியிருப்பதாகவும், எதை நம்புவது என்று புரியவில்லை என்றும் எழுதியிருந்தீர்கள். நீங்கள் இருவர், இரண்டு பிள்ளைகள், அம்மா என ஐந்து பேர், இரண்டு குளியலறைகள் என்பதை வைத்துப் பார்த்தால், 15 முதல் 18 கிலோவாட் வரையிலான சிஸ்டம் பாய்லரும் 250 லிட்டர் சிலிண்டருமே உங்கள் வீட்டுக்குப் பொருந்தும் என்பது என் முடிவு. அதற்கு முன் ஓர் அளவை நீங்களே எடுக்க வேண்டும். அதைப் பிறகு சொல்கிறேன்.

நம் ஊரில் பாய்லர் என்றால் குளிக்க வெந்நீர் போடும் செம்புப் பாத்திரம், சிலிண்டர் என்றால் சமையல் எரிவாயு. இங்கே பாய்லர் என்பது, அறைகளுக்கு வெப்பம் தரும் வெந்நீர்த் தகடுகளான ரேடியேட்டர்கள் அனைத்தையும் சூடாக்கும் எந்திரம். சிலிண்டர் என்பது வெந்நீரைச் சேர்த்து வைக்கும் தொட்டி. காம்பி பாய்லரில் சேமிப்பு கிடையாது. குழாயைத் திறந்த நொடியில் ஓடும் நீரைச் சூடாக்கித் தரும். சிஸ்டம் பாய்லரோ சிலிண்டரில் உள்ள நீரை முன்கூட்டியே சூடாக்கி வைக்கும்.

வீட்டைச் சூடாக்கும் கணக்கும் குளியல் கணக்கும் வேறு வேறு என்பதைப் பலர் கவனிப்பதில்லை. சுவர் இடைவெளியில் வெப்பக் காப்பு அடைத்து, இரட்டைக் கண்ணாடி சன்னல்கள் போட்ட உங்களுடையதைப் போன்ற வீடு, வெளியே உறைநிலைக்குச் சற்றுக் கீழே இருக்கும் நாளிலும் பெரும்பாலும் 6 முதல் 8 கிலோவாட் வெப்பத்தையே இழக்கும். அதற்குத் தேவையில்லாமல் பெரிய பாய்லரை மாட்டினால் அது சிறிது நேரம் எரிந்து, அணைந்து, மறுபடி எரிந்து, எரிவாயுவை வீணாக்கித் தானும் விரைவில் தேயும். ரேடியேட்டர்களைச் சுற்றித் திரும்பும் நீர் ஏறத்தாழ 55 டிகிரிக்குக் கீழே இருந்தால்தான் புகையிலுள்ள நீராவி குளிர்ந்து, அதன் வெப்பமும் நமக்குக் கிடைக்கிறது; அந்தச் சிக்கனத்துக்காகத்தான் 2005 முதல் இங்கிலாந்தில் கண்டென்சிங் பாய்லர்கள் கட்டாயமாக்கப்பட்டன. ஆகவே அறைகளுக்காக 24 கிலோவாட் தேவையில்லை; நான் 15 முதல் 18 வரை சொன்னதும் சிலிண்டரை விரைவாகச் சூடாக்கத்தான்.

அப்படியென்றால் 35 கிலோவாட் காம்பி எதற்கு? முழுக்க முழுக்கக் குளியலுக்காக. ஜனவரியில் தெருக் குழாயிலிருந்து வரும் நீர் 5 டிகிரி அளவுக்குக் குளிர்ந்திருக்கும். அதை 40 டிகிரிக்கு ஏற்றினால் 24 கிலோவாட் காம்பி நிமிடத்துக்கு ஏறத்தாழ 10 லிட்டரும், 35 கிலோவாட் காம்பி 14 லிட்டரும் தரும். ஒரு ஷவருக்கு அது தாராளம். இரண்டு ஷவர்கள் ஒரே நேரத்தில் ஓடினால் ஆளுக்கு ஏழு லிட்டர். அப்போது சமையலறையில் ஒருவர் பாத்திரம் கழுவ வெந்நீரைத் திறந்தால் மேலே தலையில் சோப்போடு நிற்பவர் நடுங்க வேண்டியதுதான். ஒரே குளியலறை உள்ள அடுக்ககத்துக்குக் காம்பியையே நான் பரிந்துரைப்பேன். காலை ஏழிலிருந்து எட்டுக்குள் பள்ளிக்கும் வேலைக்கும் புறப்படும் வீட்டுக்கு அது ஒத்துவராது.

இனி சிலிண்டர் கணக்கு. நம் ஊரில் 25 லிட்டர் கீசர் போதுமானதாக இருந்ததற்குக் காரணம் வாளிக் குளியல். ஷவரில் எட்டு நிமிடம் நின்றால், நிமிடத்துக்கு 9 லிட்டர் வீதம் 72 லிட்டர் போய்விடும். நான்கு பேருக்கு 288 லிட்டர்; அம்மா வாளியில்தான் குளிப்பார் என்றால் இரண்டு வாளிக்கு 40 லிட்டர் சேர்த்துக்கொள்ளுங்கள். இது 40 டிகிரிக்குக் கலந்த நீர். சிலிண்டரில் 60 டிகிரியில் இருக்கும் நீரோடு 10 டிகிரித் தண்ணீர் கலக்கும்போது ஐந்தில் மூன்று பங்குதான் சிலிண்டரிலிருந்து வரும். ஆக ஏறத்தாழ 200 லிட்டர். கடுங்குளிரில் இன்னும் கொஞ்சம் கூடும். 210 லிட்டர் சிலிண்டர் இதை ஒருவாறு சமாளிக்கும், ஏனெனில் நீங்கள் குளித்துக்கொண்டிருக்கும்போதே பாய்லர் அதை மறுபடி சூடாக்கிக்கொண்டிருக்கும். முழுவதும் ஆறிய 210 லிட்டரைச் சூடாக்க 18 கிலோவாட் பாய்லருக்கு முக்கால் மணி நேரம் போதும்.

பிறகு ஏன் 250 என்கிறேன்? சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளிப்பது, ஊரிலிருந்து உறவினர் வந்து ஒரு மாதம் தங்குவது ஆகியவை ஒரு காரணம். இன்னொன்று, வெளியிலுள்ள வெப்பத்தை மின்சாரத்தால் இழுத்து வீட்டுக்குள் தரும் வெப்ப பம்பு. இங்கிலாந்திலும் வேல்சிலும் பாய்லரை நீக்கி வெப்ப பம்பு வைப்போருக்கு 2023 அக்டோபரிலிருந்து அரசு 7,500 பவுண்டு மானியம் தருகிறது. நீங்களும் பத்து ஆண்டில் அதற்கு மாறக்கூடும். அது நீரை 50 டிகிரி அளவில் வைத்திருப்பதே சிக்கனம் என்பதால் அதே குளியலுக்கு 250 லிட்டர் ஆகிவிடும். சிலிண்டர் பாய்லரைவிட நெடுங்காலம் உழைக்கும் பொருள். உள்ளே பெரிய சுருள்குழாய் உள்ள வெப்ப பம்புக்கு ஏற்ற மாதிரியை இப்போதே கேட்டு வாங்குங்கள். பாய்லர் இருக்கும்வரை, லெஜியோனெல்லா கிருமி வளராதிருக்க, 60 டிகிரியைக் குறைக்க வேண்டாம்.

இப்போது அந்த அளவு. இருபது ஆண்டுகளுக்கு முன் என் முதல் வீட்டில் பெரிய காம்பியைப் பணம் கொடுத்து மாட்டினேன். வந்தவர் தெருவிலிருந்து வரும் குழாயைப் பார்க்கவே இல்லை. அந்தப் பழைய ஈயக் குழாயில் நிமிடத்துக்கு 9 லிட்டருக்கு மேல் வராது என்பது மாட்டிய பிறகுதான் தெரிந்தது. எத்தனை கிலோவாட் இருந்தும் பயனில்லை; தோட்டத்தைத் தோண்டிப் புதுக் குழாய் போட்டதும்தான் வீட்டில் சண்டை ஓய்ந்தது. அன்வென்டட் எனப்படும் இன்றைய சிலிண்டர்களும் தெருக் குழாயின் அழுத்தத்திலேயே இயங்குகின்றன. ஆகையால் காலை ஏழு மணிக்கு, அக்கம்பக்கத்தாரும் தண்ணீர் திறந்திருக்கும் வேளையில், சமையலறைக் குளிர்நீர்க் குழாயை முழுதாகத் திறந்து 10 லிட்டர் வாளி எத்தனை வினாடியில் நிரம்புகிறது என்று பாருங்கள். 30 வினாடி என்றால் நிமிடத்துக்கு 20 லிட்டர். இரண்டு ஷவருக்கு அது நல்ல அளவு. 60 வினாடி ஆனால், முதலில் குழாயை மாற்றுங்கள்.

வேலைக்கு வருபவர், எரிவாயு வேலை செய்ய இங்கே கட்டாயமான கேஸ் சேஃப் பதிவு அட்டையைக் காட்ட வேண்டும்; அன்வென்டட் சிலிண்டர் பொருத்த ஜி3 என்ற தனித் தகுதியும் தேவை. அதன் பாதுகாப்பு வால்வுகள் பழுதானால் உயிருக்கே ஆபத்து என்பதால் ஆண்டுதோறும் பரிசோதனையைத் தவறவிடாதீர்கள். நீர் நிரம்பிய 250 லிட்டர் சிலிண்டர் ஏறத்தாழ 300 கிலோ எடை இருக்கும். மாடி அலமாரியின் மரத்தளம் அதைத் தாங்குமா என்றும் அவரிடமே கேளுங்கள். 3 கிலோவாட் இம்மர்ஷன் ஹீட்டர் அதில் கட்டாயம் இருக்கட்டும். பாய்லர் நின்றுபோன இரவில் மின்சாரத்தில் போட்டுவிட்டால், ஐந்து மணி நேரத்தில், விடியும்போது எல்லோருக்கும் வெந்நீர் இருக்கும்.