வாசகர் கேள்வி பதில்: பட்டாளத்திலும் வங்கியிலும் பணியாற்றியவர்

கேள்வி: எங்கள் அப்பா 1966இல் ராணுவத்தின் சிக்னல் படையில் சேர்ந்து, 1971 போரில் பங்கேற்று, 1981இல் ஹவில்தாராக ஓய்வு பெற்றார். மறு ஆண்டே தேசிய வங்கி ஒன்றில் எழுத்தரானார். பல ஊர்கள் சுற்றிக் கடைசியில் எங்கள் ஊர்க் கிளைக்கே மேலாளராக வந்து 2007இல் பணி நிறைவு செய்தார். சென்ற மார்கழியில் காலமானார். நினைவஞ்சலி விளம்பரத்தில் ‘வங்கி மேலாளர்’ என்று மட்டும் போட்டால் போதும் என்கிறார் அண்ணன். அம்மாவுக்கு வங்கியின் குடும்ப ஓய்வூதியம் வருகிறது. ராணுவ ஓய்வூதியம் அப்பாவோடு நின்றுவிட்டது. ஒருவருக்கு இரண்டு கிடைக்காது என்று உறவினர் ஒருவர் சொன்னதால் நாங்களும் கேட்கவில்லை. பீரோவில் நட்சத்திர வடிவில் ஒன்று, வட்டமாக ஒன்று என இரண்டு பதக்கங்கள் உள்ளன. அவற்றைப் பற்றி அவர் எதுவும் சொன்னதில்லை.
- வாசகி, காங்கேயம்

பதில்: விளம்பரம் இருக்கட்டும், முதலில் அம்மாவைக் கவனியுங்கள். உறவினர் சொன்னது பழைய கதை. படையில் ஓய்வூதியம் பெற்று, பின்னர் அரசுத் துறையிலோ பொதுத்துறை நிறுவனத்திலோ மறுவேலை பார்த்தவரின் மனைவி, இரண்டு பக்கத்துக் குடும்ப ஓய்வூதியத்தையும் பெறலாம் என்று மத்திய அரசு ஆணையிட்டு, 2012 செப்டம்பர் 24 முதல் நடைமுறைப்படுத்தியிருக்கிறது. உங்கள் தந்தையார் இறுதிவரை ராணுவ ஓய்வூதியம் வாங்கியவர் என்பதால் அம்மாவுக்கு அந்த உரிமை உண்டு. அடிப்படைத் தொகை மாதம் ரூ.9,000க்குக் குறையாது, அதன்மேல் அகவிலை நிவாரணம் சேரும். கேட்கத் தாமதமானதால் உரிமை போய்விடாது. இறந்த மறுநாளிலிருந்து கணக்கிட்டு நிலுவையாகவே வரும்.

இப்படிப்பட்ட விண்ணப்பங்கள் பெரும்பாலும் பெயரில்தான் சிக்கிக்கொள்கின்றன. திருமணமானதும் படைவீரர் தன் பிரிவில் தெரிவிக்கும் விவரம் ‘பார்ட் டூ ஆர்டர்’ என்ற பதிவில் ஏறும். அங்கே அம்மாவின் பெயர் எப்படி எழுதப்பட்டது, ஆதாரில் எப்படி இருக்கிறது என்று ஒப்பிட்டுப் பாருங்கள். அன்றைய எழுத்தர்கள் நம் ஊர்ப் பெண்களின் பெயர்களைத் தங்கள் காதுக்கு எட்டியபடி எழுதிவைத்ததால், இன்று எழுபது வயதைக் கடந்த பெண்கள் தங்கள் கணவரின் மனைவி தாங்களே என்று நிரூபிக்க அலைகிறார்கள். எழுத்து வேறுபாடு இருந்தால் உறுதிமொழிப் பத்திரம் ஒன்று தேவைப்படும். அதனுடன் படையிலிருந்து ஓய்வு பெறும்போது தரப்பட்ட டிஸ்சார்ஜ் புத்தகம், ஓய்வூதிய ஆணை, இறப்புச் சான்று ஆகியவற்றையும் எடுத்துக்கொண்டு உங்கள் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குப் போங்கள்; விண்ணப்பத்தை நிரப்ப அவர்களே உதவுவார்கள். ராணுவ ஓய்வூதியங்கள் இப்போது பிரயாக்ராஜிலுள்ள பாதுகாப்புக் கணக்கு அலுவலகம் நடத்தும் ‘ஸ்பர்ஷ்’ இணைய அமைப்பின் வழியே வருகின்றன. இறப்பை அங்கும் பதிவு செய்ய வேண்டும். சிக்னல் படையின் ஆவண அலுவலகம் ஜபல்பூரில் இருக்கிறது. அப்பாவின் ஓய்வூதியக் கணக்கில் அம்மாவும் கூட்டாக இருந்திருந்தால், அந்தக் கணக்கிலேயே பணத்தைப் பெறலாம். புதிய கணக்கு தொடங்கச் சொல்லி வங்கி வற்புறுத்தக் கூடாது. முன்னாள் படைவீரர்களுக்காக 2003 ஏப்ரலில் தொடங்கிய மருத்துவத் திட்டத்தில் அம்மா இன்னும் சேராமல் இருந்தால், அதற்கான விண்ணப்பத்தையும் இத்துடன் கொடுத்துவிடுங்கள்.

வங்கியின் குடும்ப ஓய்வூதியம் 2021 ஏப்ரல் முதல் உச்சவரம்பின்றிக் கடைசிச் சம்பளத்தில் 30 விழுக்காடாக உயர்த்தப்பட்டது. அம்மாவுக்கு வருவது அந்த விகிதப்படிதானா என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

இனிப் பதக்கங்கள். வட்டமானதை எடுத்து அதன் விளிம்பை வெளிச்சத்தில் மெல்லத் திருப்பிப் பாருங்கள். படை எண்ணும் பெயரும் பொடி எழுத்தில் பொறிக்கப்பட்டிருக்கும். அது பெரும்பாலும் 1971 போர்க்காலத்தில் பணியில் இருந்தவர்களுக்குப் பரவலாக வழங்கப்பட்ட சங்ராம் பதக்கமாக இருக்கலாம். நட்சத்திரம்தான் அவர் எந்த முனையில் நின்றார் என்பதைச் சொல்லும். பூர்வி ஸ்டார் என்றால் கிழக்கு முனை, இன்றைய வங்கதேசம். பஷ்சிமி ஸ்டார் என்றால் மேற்கு முனை. 1971 டிசம்பர் 3 அன்று தொடங்கிய போர், 16ஆம் தேதி டாக்காவில் பாகிஸ்தான் படை சரணடைந்ததோடு முடிவுக்கு வந்தது. போர்க் கைதிகள் மட்டும் ஏறத்தாழ 93,000 பேர். டிஸ்சார்ஜ் புத்தகத்திலும் பதக்கங்களின் பெயர்கள் இருக்கும், ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

அண்ணனுடன் நான் உடன்படவில்லை. பொதுத்துறை வங்கிகளின் எழுத்தர் பணியில் முன்னாள் படைவீரர்களுக்கு 14.5 விழுக்காடு ஒதுக்கீடும், படையில் கழித்த ஆண்டுகளோடு மேலும் மூன்றாண்டு வயதுத் தளர்வும் உண்டு. 34 வயதுக்கு மேல் அவர் வங்கிக்குள் நுழைந்தது அந்தப் பதினைந்து ஆண்டுப் பட்டாளப் பணியால்தான் என்றிருக்க, அதை மறைத்துவிட்டு மேலாளர் என்று மட்டும் எழுதினால் பாதி மனிதரைத்தான் எழுதியதாகும். மஞ்சளுக்கும் பருத்திக்கும் பயிர்க்கடன், விதைப்புக்கு முன் நகைக்கடன் என்று ஊரே வந்து நின்ற மேசைக்குப் பின்னால் இருந்தவர் அவர். படை எண், பதவி, பிரிவு, பணியாற்றிய ஆண்டுகள் எல்லாவற்றையும் ஒரு வரியில் எழுதி, அடுத்த வரியில் வங்கியைக் குறிப்பிடுங்கள். விளம்பரக் கட்டணம் சற்றுக் கூடினால் கூடட்டும்.

கேள்வி: மேலே எழுதியிருப்பவரின் அப்பாவைப் போலவே வங்கியில் வேலை பார்த்த முன்னாள் படைவீரர் என் சித்தப்பா. அவர் இறந்தபோது உடல்மீது தேசியக் கொடி போர்த்த வேண்டும் என்று இளைஞர்கள் விரும்பினார்கள், பெரியவர்கள் தடுத்துவிட்டார்கள். யார் சொன்னது சரி?
- வாசகர், பவானி

பதில்: பெரியவர்கள் சொன்னதே சரி. அரசு மரியாதையுடனோ ராணுவம், துணை ராணுவப் படைகளின் மரியாதையுடனோ நடக்கும் இறுதிச் சடங்குகளில் மட்டுமே கொடியைப் போர்த்தலாம் என்கிறது 1971ஆம் ஆண்டின் தேசிய மரியாதை இழிவுத் தடுப்புச் சட்டம். 2002ஆம் ஆண்டின் கொடி விதித் தொகுப்பும் அதையே சொல்கிறது. மீறினால் மூன்றாண்டு வரை சிறைத் தண்டனைக்கு இடமுண்டு. படையில் இருந்து ஓய்வு பெற்றவர் என்பதால் மட்டும் அந்த மரியாதை தானாக வந்துவிடாது. அப்படி முறையாகப் போர்த்தும்போதும் காவி நிறம் தலைப் பக்கம் இருக்க வேண்டும். சிதைக்குத் தீ வைக்கும் முன்பே கொடியை எடுத்துவிட வேண்டும். ஊரிலுள்ள முன்னாள் படைவீரர் சங்கத்தார் வந்து மலர்வளையம் வைத்து சல்யூட் அடிப்பதற்குச் சட்டத்தில் தடையில்லை.