வாரம் மூன்று வரைய முடியவில்லை!

கேள்வி: தேயிலைத் தோட்டத்துக் கதை ஒன்றை, செல்போனில் படிக்கிற தொடர் படக்கதையாக வரைந்து இணையத்தில் போடுகிறேன் சார். முதலில் வாரம் மூன்று அத்தியாயம் போட்டேன், இப்போது ஒன்றுக்கே மூச்சு முட்டுகிறது. பழைய அத்தியாயங்களைப் பார்த்தால் கூச்சமாக வேறு இருக்கிறது. திரும்ப வரைந்துவிடட்டுமா?
– ஒரு வாசகி, கோத்தகிரி

பதில்: வேண்டவே வேண்டாம். முதல் அத்தியாயத்தைத் திருத்தி முடிப்பதற்குள் கை இன்னும் கொஞ்சம் தேறிவிடும், அப்புறம் திருத்தியதும் பிடிக்காது, கதை மட்டும் நின்ற இடத்திலேயே நிற்கும். 1950-ல் சார்லஸ் ஷுல்ஸ் ‘பீனட்ஸ்’ என்ற நாளிதழ்ப் படக்கதையைத் தொடங்கியபோது ஸ்னூப்பி நாலு காலில் நடக்கிற சாதாரண நாய்க்குட்டிதான். இரண்டு காலில் நடந்து, கூரை மேல் படுத்துக் கனவு காண்கிற ஸ்னூப்பி பிறகுதான் வந்தது, அதுவும் அடுத்த நாளுக்கானதை வரைந்துகொண்டே போனதில்.

வாரம் மூன்று விஷயத்துக்கு வருவோம். ராண்டல் மன்றோ 2005-ல் தொடங்கிய ‘எக்ஸ்கேசிடி’ என்ற இணையப் படக்கதை வாரம் மூன்று நாள் வருகிறது, சரி. ஆனால் அதில் இருப்பவர்கள் குச்சி மனிதர்கள்! நீங்கள் தேயிலைச் செடிக்கு இலை இலையாகக் கோடு போட்டுக்கொண்டிருந்தால் எப்படி முடியும்? கவாத்து செய்த செடி மேலே தட்டையாகத்தானே இருக்கும். செடிகளுக்கு நடுவே ஓடும் தடங்களைச் சரிவின் போக்கில் வளைத்து இழுத்துவிட்டு, ஊடே இரண்டு சில்வர் ஓக் மரங்களை நிறுத்துங்கள், தோட்டம் வந்துவிடும். அதற்கும் நேரமில்லையா, மூடுபனியை இறக்கிவிடுங்கள். கொடைக்கானல்காரனான நான் இந்தத் திருட்டு வேலையை வெட்கமே இல்லாமல் செய்கிறேன்.

வாரம் ஒன்று போதும், ஆனால் கிழமை மாறக்கூடாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் உங்கள் பக்கம் கரண்ட் எப்போது போகும், எப்போது வரும் என்று யாருக்குத் தெரியும்? அதற்குள் மூன்று, நாலு அத்தியாயமாவது முடித்துக் கையிருப்பில் வைத்துக்கொள்ளுங்கள். கரண்ட் இல்லாதபோது நோட்டில் வசனம் எழுதலாம், கட்டங்களைக் குட்டிக் குட்டியாகக் கிறுக்கிப் பார்க்கலாம். உறைபனி விழுகிற மார்கழிக் காலையில் மட்டும் கோடு இழுக்க உட்காராதீர்கள், விரல் விறைத்துக் கோடு நடுங்கும். வெயில் ஏறட்டும்.

இன்னொன்று, கட்டத்தில் வசனத்தை முதலில் வைத்துவிட்டு மிச்ச இடத்தில் ஆளை வரையுங்கள். நம் சொற்கள் நீளமானவை, கடைசியில் திணித்தால் எழுத்து பொடியாகிவிடும், போனில் யாரும் படிக்க மாட்டார்கள். பாத்திரங்களைப் பேச்சுவழக்கிலேயே பேசவிட்டால் பாதித் தொல்லை தீரும்.

கேள்வி: விலை உயர்ந்த டேப்லெட் வாங்கினால் படம் நன்றாக வருமா?
– ஒரு வாசகர், குன்னூர்

பதில்: வராது. அழிப்பது சுலபமாகும், அவ்வளவுதான். இப்போதைக்குத் தாளில் வரைந்து போனில் படம் பிடியுங்கள், வண்ணத்துக்குக் கிரிட்டா மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. மழைக்காலத்தில் தாள் ஈரம் கோத்து மை பரவும் என்பதால் தாள்கட்டை பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டி, அடுப்படிப் பக்கத்து அலமாரியில் வையுங்கள்.