குழலில் விசைகளை அமைத்தவர் யார்?

கேள்வி: பிரிக்பீல்ட்ஸில் மூங்கில் குழல் கற்கும் என் மகளுக்குப் பள்ளி இசைக்குழுவில், துளைகளை மூடித் திறக்கும் விசைகள் நிறைந்த உலோகக் குழலைத் தந்திருக்கிறார்கள். இவற்றை அமைத்தவர் யார்?
(வாசகி, கோலாலம்பூர்)

பதில்: ஒருவர் மட்டுமல்லர். 17-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரான்சில் ஆறு துளை மரக்குழலில் ஒற்றை விசை சேர்ந்தது. அடுத்த நூற்றாண்டில் லண்டன் கைவினைஞர்கள் அதைப் பலவாக்கினர். ஆயினும் துளைகள் விரல் எட்டும் இடத்தில் இருந்தனவேயன்றி, சுருதி கேட்கும் இடத்தில் இல்லை. பொற்கொல்லர் தொழிலும் அறிந்த மியூனிக் குழலிசைஞர் தியோபால்ட் போம், 1831இல் லண்டனில் சார்லஸ் நிக்கல்சன் பெரிய துளைக் குழலில் எழுப்பிய உரத்த நாதத்தைக் கேட்டபின், 1832இல் துளைகளை உரிய இடங்களில் பெரிதாக வைத்து, விரல் எட்டாதவற்றை மூடும் வேலையை விசைகளிடம் ஒப்படைத்தார். 1847இல் அவர் செய்த உருளை வடிவக் குழலே, சிறு மாற்றங்களுடன், இன்று உங்கள் மகளின் கையில் இருப்பது.

நம் குழலுக்கு விசை தேவைப்படவில்லை. விரலைப் பாதி விலக்கிக் கமகம் (சுரத்தை அசைத்து இழைக்கும் அழகு) எழுப்பும் நெகிழ்வை, துளையில்லா மூடிகள் கொண்ட குழலில் எதிர்பார்க்க இயலாது. என் செவிக்கு அது பெரிய இழப்பே.